துரத்தல் காட்சியில் இசை முந்துகிறது, யாரும் சிரிக்கவும் இல்லை. உதவுங்கள்

மொட்டைமாடி உளவாளி:
வணக்கம் நண்பர்களே. 14 நிமிட உளவாளி காமெடிக் குறும்படம் எடுத்துக்கொண்டிருக்கிறோம், சொந்தக் காசு, அதனால் ஸ்டன்ட் மாஸ்டர் எல்லாம் கிடையாது. நாயகன் ரகசிய ஃபைலோடு மாடி மாடியாக ஓடுவான், வடகம் காயப்போட்ட வேட்டியை மிதிப்பான், கடைசியில் தண்ணீர்த் தொட்டி மேலிருந்து விழுவான். துரத்தல் மொத்தம் 2 நிமிடம் 10 நொடி. இசை போடுகிற நண்பன் வேறு ஊரில் இருக்கிறான், எடிட்டர் கொடுத்த டைம்கோடு பட்டியலை (எந்த நிமிடம், எந்த நொடி, எந்தப் பிரேமில் என்ன நடக்கிறது என்ற கணக்கு) வைத்துத்தான் வாசித்தான். ஆரம்பத்தில் கச்சிதமாக உட்காருகிறது, போகப் போக இசை முந்துகிறது, கடைசியாகக் கன்னத்தில் அறை விழும் இடத்தில் கை படுவதற்குள் ‘டம்’ வந்துவிடுகிறது. இது ஒன்று. இன்னொன்று, நாலு பேருக்குப் போட்டுக் காட்டினோம், ஒருத்தரும் சிரிக்கவில்லை, ஆனால் ஸ்பீக்கர் ஒயர் கழன்று சத்தமில்லாமல் ஓடியபோது அதே காட்சிக்குச் சிரித்தார்கள்!! அப்புறம் அந்த விழும் ஷாட் இன்னும் பாக்கி. 9 அடி உயரம், இரண்டு மெத்தை போட்டால் போதும் என்கிறான் கேமராமேன். போதுமா?

கத்தரி:
எடிட்டிங் டைம்லைன் நொடிக்கு எத்தனை பிரேம்? நண்பனின் சாஃப்ட்வேரில் எத்தனை? நினைவிலிருந்து சொல்லாமல் திறந்து பார்த்துச் சொல்லுங்கள்.

மொட்டைமாடி உளவாளி:
டைம்லைன் 23.976, அவன் வைத்திருப்பது 24. இரண்டும் ஒன்றுதானே?

கத்தரி:
எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசம். 130 நொடிக்கு 0.13 நொடி, அதாவது 3 பிரேம். உங்கள் படம் அவன் கணக்கைவிடக் கொஞ்சம் மெதுவாக ஓடுகிறது, அதனால்தான் ‘டம்’ முதலில் வந்து நிற்கிறது. அவனையும் 23.976 வைக்கச் சொல்லிவிட்டு இசை அடி விழும் இடங்களைத் திரும்பக் குறிக்கச் சொல்லுங்கள். அவசரம் என்றால் டிராக்கை 100.1 சதவீதமாக நீட்டினாலும் உட்கார்ந்துவிடும். இனிமேல் பட்டியல் மட்டும் அனுப்பாதீர்கள், டைம்கோடு மேலேயே ஓடுகிற மாதிரி ஒரு சின்ன வீடியோவும் சேர்த்து அனுப்புங்கள். டெம்போ எவ்வளவு? நிமிடத்துக்கு 120 தட்டு என்றால் ஒரு தட்டுக்குக் கிட்டத்தட்ட 12 பிரேம், வெட்டுவதற்குச் சுகமாக இருக்கும்.

ரோப் பார்ட்டி:
ஸ்டன்ட் யூனிட்டில் சில வருடம் ரோப் இழுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், 9 அடிக்கு இரண்டு மெத்தை போதாது தம்பி. மெத்தை அமுங்கிக் கீழே தரை தட்டும். நாங்கள் காலி அட்டைப் பெட்டிகளை அடுக்கி, அதன் மேல் மெத்தை போட்டு, சுற்றிலும் தார்ப்பாய் இழுத்துக் கயிற்றால் கட்டுவோம். பெட்டி நசுங்கும்போது காற்று வெளியே போக வேண்டும், அதனால் மூடி டேப் ஒட்டக் கூடாது. ஆனால் இதைப் படித்துவிட்டு நீங்களே செய்யாதீர்கள், எத்தனை அடுக்கு, எங்கே விழ வேண்டும், எப்படி விழ வேண்டும் என்பதெல்லாம் பழகியவர் பார்த்துச் சொல்ல வேண்டியது. ஒரு நாளைக்காவது ஆள் கூப்பிடுங்கள்.

ஒன்று கேட்கிறேன், காமெடிப் படம்தானே, அவன் விழுவதை ஏன் காட்ட வேண்டும்? தொட்டி விளிம்பில் கை வீசித் தடுமாறட்டும், வெட்டு. கீழே வெறும் சந்து. ஒரு செருப்பு மட்டும் வந்து விழட்டும். கொஞ்ச நேரம் கழித்து ஒரு பித்தளைக் குடம் உருண்டு வரட்டும்.

தனியாவர்த்தனம்:
குடம் ஐடியாவுக்கு என் ஓட்டு. இசைக்கு வருகிறேன். நாயகன் வழுக்கும்போதெல்லாம் விசில், ‘டொய்ங்’ ஏதாவது போட்டிருக்கிறானா உங்கள் நண்பன்?

மொட்டைமாடி உளவாளி:
பதினொரு இடத்தில் :( வடகத்துக்கு மட்டும் மூன்று.

தனியாவர்த்தனம்:
அத்தனையும் எடுங்கள். பார்ப்பவன் சிரிப்பதற்குள் இசை சிரித்துவிடுகிறது, அப்புறம் அவனுக்கு என்ன வேலை? 1980ல் ‘ஏர்பிளேன்’ என்ற காமெடிக்கு எல்மர் பெர்ன்ஸ்டீன் நிஜமான பேரழிவுப் படத்துக்குப் போடுகிற மாதிரி முறைப்பாகத்தான் இசை போட்டார். உங்கள் இசைக்கும் இது காமெடிப் படம் என்றே தெரியக் கூடாது. மைனர் கார்டைப் பிடித்துக்கொண்டு மேலே ப, த1, த2, த1 (பஞ்சமம், சின்ன தைவதம், பெரிய தைவதம், மறுபடி சின்னது) என்று ஏறி இறங்கினாலே உளவாளி வாசனை வந்துவிடும், ஜேம்ஸ் பாண்ட் தீம் நடப்பது இப்படித்தான். மெட்டை மட்டும் எடுத்துவிடாதீர்கள், காப்புரிமைச் சிக்கல் வரும். ஓட்டத்துக்குக் கண்ட நடை, அதாவது ஐந்தைந்தாக எண்ணும் தாளம், முயன்று பார்க்கலாம். ‘மிஷன் இம்பாசிபிள்’ தொலைக்காட்சித் தொடருக்கு 1966ல் லாலோ ஷிஃப்ரின் போட்டதும் ஐந்து எண்ணிக்கைதான், தக தகிட என்று சொல்லிக்கொண்டே ஓடிப் பாருங்கள், கால் தானாகத் தடுக்கும். முக்கியமாக, செருப்பு விழுவதற்கு முன்பே இசையை அறுத்துவிடுங்கள். குடம் நிற்கும்வரை ஒரு ஸ்வரம் கூட வேண்டாம்.

மொட்டைமாடி உளவாளி:
ஐந்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். 23.976க்கு மாற்றியதும் கடைசி அறை சரியாக உட்கார்ந்துவிட்டது. விழும் ஷாட்டைத் தூக்கிவிட்டோம், செருப்பும் குடமும்தான். ‘டொய்ங்’ எடுத்ததற்கு நண்பன் இரண்டு நாள் பேசவில்லை, ஆனால் குடம் உருளும்போது முதலில் சிரித்தது அவன்தான். குடம் பக்கத்து வீட்டுப் பாட்டியுடையது, நாலாவது டேக்கில் நெளிந்துவிட்டது. நெளிவு எடுக்க எவ்வளவு ஆகும், யாருக்காவது தெரியுமா?

ரோப் பார்ட்டி:
பாத்திரக் கடையிலேயே கேளுங்கள் தம்பி, தட்டுகிற ஆளைக் காட்டிவிடுவார்கள். பாட்டி பார்ப்பதற்குள் போங்கள்.