ஆக்டேவியா ஆர்எஸ்: 230 எடுக்கலாமா, 245 எடுக்கலாமா?

பெங்களூர் நண்பர்களே, பழைய ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் (ஆக்டேவியா காரின் வேகமான ரகம்) ஒன்று வாங்கப் பார்க்கிறேன். இரண்டு வண்டி கண்ணில் பட்டிருக்கிறது. ஒன்று 2017 ஆர்எஸ் 230, ஔரங்காபாத்தில் அசெம்பிள் ஆனது. இன்னொன்று 2020 ஆர்எஸ் 245, முழுசாக இறக்குமதியாகி வந்த 200 வண்டிகளில் ஒன்று.

இரண்டிலும் 2.0 டர்போ பெட்ரோல் இன்ஜின்தான். பவர் 230 குதிரைத்திறன், 245 குதிரைத்திறன் என்பதெல்லாம் ரோட்டில் பெரிதாகத் தெரியாது. கியர்பாக்ஸ் பழையதில் 6 கியர் டிஎஸ்ஜி (இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக்), புதியதில் 7 கியர். இரண்டுமே எண்ணெயில் நனைந்து சூடு தணியும் கிளட்ச் என்பதால், சில்க் போர்டு சிக்னல் நெரிசலை நினைத்தாலும் எனக்குப் பயமில்லை.

என் கவலை முன் டிஃபரென்ஷியல்தான், அதாவது இன்ஜின் சக்தியை இரண்டு முன்சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பாகம். ஐரோப்பிய 245-இல் விஏக்யூ என்ற எலக்ட்ரானிக் டிஃப் உண்டு. வளைவில் முன்சக்கரம் வீணாகச் சுழலாமல், வெளிப்பக்கச் சக்கரத்துக்கு இழுவையை அனுப்பும். அதற்குள் தனி கிளட்ச், தனி எண்ணெய். அந்த எண்ணெயைக் காலாகாலத்தில் மாற்றியே ஆக வேண்டும். 245-ஐ விற்பவரின் சர்வீஸ் பில்லில் இன்ஜின் ஆயில், பிரேக் பேட் எல்லாம் இருக்கிறது, இந்த எண்ணெய் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இங்கே வந்த 245-இல் அது நிஜமாகவே இருக்கிறதா என்று லிஃப்டில் ஏற்றி எப்படிப் பார்ப்பது? அந்த எண்ணெயை ஒழுங்காக மாற்றித் தரும் மெக்கானிக் ஒயிட்ஃபீல்டு, கோரமங்களா பக்கம் யாராவது உண்டா? அப்புறம், 245-க்கு மட்டுமே உரிய பாகம் உடைந்தால் ஜே.சி. ரோடு உதிரிபாகக் கடைகளில் கிடைக்குமா, வெளிநாட்டிலிருந்துதான் வரவழைக்க வேண்டுமா? இரண்டையும் ஓட்டியவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். இந்த வாரக் கடைசிக்குள் அட்வான்ஸ் கேட்கிறார்கள்.