ஒரு வருஷம் சம்பளத்தோடு லீவாமே?

நெல்லைக்காரி: நேற்று பழையசோறு அண்ணாச்சி ஒரு முத்து உதிர்த்திருந்தார். இந்தக் காலத்து அம்மாக்களுக்கு ஒரு வருஷம் சம்பளத்தோடு லீவு கிடைக்கிறதாம், அப்புறமும் மூக்கால் அழுகிறார்களாம். எந்த ஊரில் அண்ணாச்சி ஒரு வருஷம்? மகப்பேறு விடுப்புச் சட்டத்தின் 2017 திருத்தத்தில் வந்தது 26 வாரம். அதுவும் முதல் இரண்டு பிள்ளைக்குத்தான், மூன்றாவதுக்குப் பழைய 12 வாரமே.

பழையசோறு: நம் ஊரில்தான் தாயி. என் தம்பி பெண்டாட்டி அரசுப் பள்ளி டீச்சர். முழுசாக ஒரு வருஷம் வீட்டில் இருந்தாள், மாதாமாதம் சம்பளம் வந்தது. 2021லேயே அரசாணை போட்டாயிற்று. ஒரு வருஷம் என்றால் ஒரு வருஷம்தான்.

நெல்லைக்காரி: அது தமிழ்நாடு அரசு ஊழியருக்கு. ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கிறவள் எல்லாம் உங்கள் தம்பி பெண்டாட்டியா? என் கதையைக் கேளுங்கள். பிரஷர் ஏறிவிட்டது, படுத்தே இரு என்று டாக்டர் சொன்னதில் பிரசவத்துக்கு முன்னாலேயே 5 வாரம் போயிற்று. மிச்சம் 21 வாரம், 147 நாள். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடு என்றதும் அதே டாக்டர்தான். ஆபீஸுக்குத் திரும்பிய முதல் நாள் பதினோரு மணிக்கே சுடிதார் நனைந்துவிட்டது. பால் எடுக்க இடம் கேட்டால் ஸ்டோர் ரூம் சாவியைத் தந்தார்கள். உள்ளே தாழ்ப்பாள் கிடையாது, ஜெராக்ஸ் பேப்பர் பெட்டியைக் கதவுக்கு முட்டுக் கொடுத்து உட்கார்ந்திருந்தேன். 50 பேர் வேலை பார்த்தாலே குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். எங்கே இருக்கிறது, காட்டுங்கள்.

ராத்திரிஷிப்ட்: பத்துப் பேருக்குக் குறைவான கடை என்றால் அந்த 26 வாரமும் இல்லை அக்கா. என் மனைவி வேலையையே விட்டுவிட்டாள். தனியாரில் அப்பாவுக்கு ஒரு நாள்கூடச் சட்டத்தில் கிடையாது, அதை யாரும் பேசுவதில்லை.

பழையசோறு: எங்கம்மா அஞ்சு பெற்றாள். நாற்பதாம் நாள் களை எடுக்கப் போய்விட்டாள், வரப்பு வேப்பமரத்தில் தூளி கட்டிப் போட்டுவிட்டு. லீவும் இல்லை, ஸ்டோர் ரூமும் இல்லை.

நெல்லைக்காரி: தூளியை ஆட்டியது யார்? போன மாதம் இங்கே ஆட்டுக்கல்லா கிரைண்டரா சண்டையில் நீங்களே எழுதினீர்கள், பெரியக்கா நாலாம் வகுப்போடு நின்றுவிட்டாள் என்று. அந்த அக்காதான் உங்கள் காப்பகம்.

பழையசோறு: என் அக்காவை இழுக்காதே. கிரைண்டர் மாவில் இட்லி கல்லாக வரும் என்று நான் சொன்ன கோபம் உனக்கு இன்னும் ஆறவில்லை.

நெல்லைக்காரி: கல்லாக வந்தால் உளுந்து அளவு தெரியவில்லை என்று அர்த்தம், கிரைண்டர் என்ன செய்யும்?

அரசுஊழியன்: ஒரு வருஷம் கிடைத்தவர்கள்மேல் எல்லாருக்கும் ஏன் இந்தக் காய்ச்சல்?

நெல்லைக்காரி: உங்கள்மேல் யார் காய்ந்தார்கள்? எல்லாருக்கும் ஒரு வருஷம் என்று புளுகுகிறவரைத்தான் கேட்கிறேன்.

ராத்திரிஷிப்ட்: அண்ணாச்சி, டீச்சரம்மா பள்ளிக்கூடம் போனதும் பிள்ளையை யார் பார்க்கிறார்கள்?

பழையசோறு: என் பெண்டாட்டிதான். வீட்டில் சும்மாதானே இருக்கிறாள்.

நெல்லைக்காரி: சும்மாவா! அவர்களை ஒரு நாள் இங்கே எழுதச் சொல்லுங்கள்.

பழையசோறு: பேச்சை மாற்றாதே. அரசாணையில் ஒரு வருஷம் இருக்கிறதா இல்லையா, அதை மட்டும் சொல்.