செல் உயிரியலிலிருந்து நோய்த்தணிப்பு மருத்துவத்துக்கு: முந்தைய பயிற்சி பயன்படுமா?

கேள்வி

வணக்கம். தசைச் செல்களுக்குள் புரதங்கள் எவ்வாறு சிதைக்கப்படுகின்றன என்பதைப் பதினோரு ஆண்டுகளாக ஆராய்ந்துவருகிறேன். சென்ற ஆண்டு என் தந்தையார் கணையப் புற்றுநோயால் காலமானார். கடைசி மாதங்களில் அவர் உடல் உருகிக்கொண்டே போனதை அருகிலிருந்து பார்த்தபோது, நான் ஆய்வுக்கட்டுரைகளில் எழுதிவந்த நிகழ்வுதான் என் கண்ணெதிரே நடக்கிறது என்பது புரிந்தது. ஆனால் அந்த அறிவால் அவருக்கு ஒரு நாள்கூட ஆறுதல் தர இயலவில்லை. அதன்பிறகு, கடும் நோயுற்றவர்களின் வலியையும் துன்பத்தையும் தணிக்கும் நோய்த்தணிப்பு மருத்துவம் சார்ந்த ஆய்வில் இறங்க வேண்டும் என்ற எண்ணம் என்னை விடவில்லை. நான் மருத்துவர் அல்லேன். இதுவரை கற்றதைக் கைவிட்டுத்தான் அங்கே போக வேண்டுமா, அல்லது இரண்டையும் இணைத்துக்கொள்ள வழி உண்டா?

மறுமொழி 1

தங்கள் தந்தையாரின் மறைவுக்கு என் ஆழ்ந்த இரங்கல். நானும் செல் உயிரியலில் தொடங்கி இப்பக்கம் வந்தவன் என்பதால் சொல்கிறேன்: எதையும் கைவிட வேண்டியதில்லை.

தாங்கள் கண்ட உடலுருக்கத்தை மருத்துவத்தில் கேகெக்ஸியா என்பர். வழக்கமான ஊட்டச்சத்து உதவியால் மட்டும் இதை முழுமையாக மீட்க முடியாது என்பது 2011-இல் வெளியான பன்னாட்டு வரையறையிலேயே இடம்பெற்றுள்ளது. நோயாளி உண்ண மறுக்கும்போது, தாம் சரியாகக் கவனிக்கவில்லையோ என்று குடும்பத்தார் குற்றவுணர்வில் வாடுகிறார்கள். வற்புறுத்தி ஊட்ட முயல்கிறார்கள். இரு தரப்பும் துன்புறுகின்றன. அழற்சிச் சமிக்ஞைகளும் கட்டியின் விளைவுகளும் சேர்ந்து தசையைச் சிதைக்கின்றன, பசியையே அணைத்துவிடுகின்றன என்று விளக்கும்போது அவர்கள் முகத்தில் தெரியும் மாற்றத்தை நான் பலமுறை கண்டிருக்கிறேன். செல் உயிரியல் அந்த இடத்தில் நேரடியாகவே ஆறுதலாகிறது.

இந்தத் துறையின் வரலாறும் அறியத்தக்கது. உடலை உருக்கும் பொருள் என்ற பொருளில் கேகெக்டின் எனப் பெயரிடப்பட்ட புரதமும் கட்டிச்செல்களை அழிக்கும் டிஎன்எஃப் என்ற புரதமும் ஒன்றே என்பதை 1985-இல் புரூஸ் பியூட்லரும் ஆன்டனி செராமியும் அவர்தம் குழுவினரும் காட்டினர். ஆயினும் டிஎன்எஃப்-ஐத் தடுக்கும் மருந்துகள் புற்றுநோயாளிகளின் உடலுருக்கத்தில் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. பின்னர் கவனம் பசியைக் குறைக்கும் ஜிடிஎஃப்-15 என்ற புரதத்தின் மீது திரும்பியது. அதன் சமிக்ஞையைப் பெறும் ஏற்பி மூளையின் பின்பகுதியில் இருப்பது 2017-இல் தெரியவந்தது. 2024-இல் வெளியான இரண்டாம் கட்ட ஆய்வொன்றில், அப்புரதத்தைத் தடுக்கும் பொன்செக்ரோமாப் என்ற மருந்தை உச்ச அளவில் பெற்றவர்களின் எடை, ஒப்பீட்டுக்காக மருந்தற்ற போலிமருந்து பெற்றவர்களின் எடையைவிட 12 வாரங்களில் ஏறத்தாழ 2.8 கிலோ கூடுதலாகக் காணப்பட்டது. தசையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த என்னைப் போன்றவர்களுக்கு, விடையின் ஒரு பகுதி மூளையில் இருந்தது என்பது பெரும் பாடம்.

மறுமொழி 2

முந்தைய மறுமொழியில் கூறப்பட்டவை உண்மையே. எனினும் நோயாளிகளுடன் பணிபுரியும் மருத்துவர் என்ற முறையில் ஓர் எச்சரிக்கையைச் சேர்க்க விரும்புகிறேன். எடை கூடியது என்பதும் அவர் நலமாக உணர்கிறார் என்பதும் ஒன்றல்ல. வலி, களைப்பு, குமட்டல், மனச்சோர்வு முதலியவற்றை நோயாளியே 0 முதல் 10 வரை மதிப்பிட்டுச் சொல்லும் எட்மன்டன் அளவுகோல் 1991 முதல் எங்களிடம் உண்டு. அதில் அவர் சொல்லும் எண்ணுக்கு மேல் முறையீடு கிடையாது. கருவியின் அளவீட்டை நம்பிப் பழகியவருக்கு இது எளிதல்ல.

அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் ஜெனிஃபர் டெமெல் குழுவினர் 2010-இல் வெளியிட்ட ஆய்வை நிதானமாகப் படியுங்கள். பரவிய நுரையீரல் புற்றுநோய் கொண்ட 151 பேரில், தொடக்கத்திலிருந்தே நோய்த்தணிப்புச் சிகிச்சையும் சேர்த்துப் பெற்றவர்களின் வாழ்க்கைத்தரம் உயர்ந்ததோடு, வாழ்நாளின் இடைநிலை அளவும், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களின் 8.9 மாதங்களுக்குப் பதிலாக, 11.6 மாதங்களாக இருந்தது. புதிய மூலக்கூறு எதுவும் அங்கே சோதிக்கப்படவில்லை.

பழையதைக் கைவிடுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். நவீன நோய்த்தணிப்பு மருத்துவத்தின் முன்னோடியான சிசிலி சாண்டர்ஸ் முதலில் செவிலியர், பிறகு மருத்துவமனைச் சமூகப்பணியாளர், 1957-இல்தான் மருத்துவர். 1967-இல் லண்டனில் இறுதிக்கட்ட நோயாளிகளுக்கான செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லத்தைத் தொடங்கினார். உடல், மனம், உறவு, ஆன்மிகம் ஆகிய அனைத்தும் பின்னிய முழுவலி என்ற அவருடைய கருத்து, அந்த மூன்று பணிகளையும் செய்த ஒருவரிடமிருந்து பிறந்ததில் எனக்கு வியப்பில்லை.

கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒரு நடைமுறைக் கேள்வி: இறுதிக்கட்டத்தில் இருப்பவரிடம் தசைத் திசுவைக் கேட்பது எனக்கே கூசுகிறது. மாதிரிகள் இல்லாமல் செல் அளவிலான ஆய்வை எப்படித் தொடங்குவது?

மறுமொழி 1

அந்தக் கூச்சம் சரியானதே. அறுவைச் சிகிச்சை எப்படியும் நடக்கவிருக்கும் நோயாளிகளிடம், முன்கூட்டியே முறையான ஒப்புதல் பெற்று, அப்போதே சிறு திசுவைப் பெறுவதுண்டு. மற்றவர்களுக்கு, சிகிச்சைக்காக ஏற்கெனவே எடுத்த சிடி ஸ்கேன் படங்களில் மூன்றாம் இடுப்பு முள்ளெலும்பு மட்டத்தில் தசையின் பரப்பை அளக்கலாம். அதற்காக நோயாளியை ஒருமுறைகூடத் தொட வேண்டியதில்லை. வழக்கமான பரிசோதனைக்குக் குருதி எடுக்கும்போதே, ஒப்புதலுடன், கூடுதலாகச் சில மில்லிலிட்டர் பெறலாம். இடையிலேயே பலர் மிகவும் நலிந்துவிடுவார்கள் அல்லது இறந்துவிடுவார்கள் என்பதை ஆய்வைத் திட்டமிடும்போதே கணக்கில் கொள்ளுங்கள். அதற்கு முன், ஏதேனும் ஒரு நோய்த்தணிப்புக் குழுவினருடன் சில மாதங்கள் எதையும் அளக்காமல் உடனிருந்து வாருங்கள். எதை ஆராய வேண்டும் என்ற கேள்வியே எனக்கு அங்கேதான் மாறியது.