பயோமீத்தேனுக்கு ஒரு சொல்: சாணமும் வேண்டாம், உயிர்வளியும் வேண்டாம்

அனைவருக்கும் வணக்கம்.

பயோகேஸ் (கழிவு புளித்து வரும் வாயு), பயோமீத்தேன் (அதையே கழுவிச் சுத்தப்படுத்தியது) இரண்டுக்கும் தமிழில் 'சாண எரிவாயு' என்ற ஒரே சொல் போதும் என்று மதுரை ஐயா எழுதியிருந்தார். சேலத்துக்காரனான என்னால் அதை ஒப்புக்கொள்ள முடியவில்லை ஐயா. இங்கே வாயு வருவது மாட்டுத்தொழுவத்திலிருந்து அல்ல, சேகோ (ஜவ்வரிசி) ஆலையிலிருந்து. குச்சிக்கிழங்கை (மரவள்ளியை) அரைத்து, மாவுப்பாலைத் தொட்டியில் தெளியவிட்டு, மேலே நிற்கும் தண்ணீரை வெளியேற்றுவார்கள். அதில் மாவுச்சத்து மிச்சமிருக்கும். ஓடையில் விட்டால் புளித்து ஊரே நாறும். அதையே காற்றுப் புகாத தொட்டியில் அடைத்து வாயு எடுக்கிறார்கள். தொட்டியைத் தொடங்கும்போது பாலுக்கு உறைமோர் விடுவதுபோலக் கொஞ்சம் சாணம் கரைத்து ஊற்றுவதுண்டு. சாணத்தின் பங்கு அவ்வளவுதான். ஏற்காட்டில் காப்பிப் பழம் கழுவிய தண்ணீரிலிருந்தும் இதே வாயுவை எடுக்கலாம்.

அப்புறம், பயோகேஸும் பயோமீத்தேனும் ஒன்றல்ல. ஆத்தூர் பக்கம் ஓர் ஆலையில் தொட்டி வாயுவை அப்படியே ஜெனரேட்டருக்குக் கொடுத்திருந்தார்கள். மெக்கானிக் கழற்றிக் காட்டிய செம்புத் துண்டு கரி பூசியதுபோல இருந்தது. அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு செய்த வேலை. அந்த வாயுவில் மீத்தேன் 50 முதல் 65 விழுக்காடுதான். மீதியில் பெரும்பகுதி எரியாத கரியமில வாயு. உயரமான கோபுரத்தில் வாயுவை அழுத்தத்தோடு கீழிருந்து ஏற்றி, மேலிருந்து தண்ணீர் தெளித்தால் கரியமில வாயு தண்ணீரோடு போய்விடும், மீத்தேன் பெரும்பாலும் கரையாமல் மேலே வரும். இப்படிக் கழுவி, மீத்தேன் 90 விழுக்காட்டுக்கு மேல் போனால்தான் சிலிண்டரில் அடைத்து வண்டி ஓட்டலாம். கழுவாததற்கும் கழுவியதற்கும் ஒரே பெயர் எப்படிப் பொருந்தும்?

பயோமீத்தேனுக்கு 'உயிர்வளி' என்று சொன்னவருக்கு: அது ஆக்சிஜனுக்கு ஏற்கெனவே வழங்கும் பெயர். மருத்துவமனையில் போய்க் குழப்பம் வரும்.

'உயிரிமீத்தேன்' இலக்கணப்படி சரி. ஆனால் காவிரி டெல்டாவில் மீத்தேன் எடுக்கும் திட்டத்தை எதிர்த்து நடந்த போராட்டத்துக்குப் பிறகு மீத்தேன் என்றாலே விவசாயி காதில் ஆழ்துளைக் குழாய்தான் கேட்கிறது. டீக்கடையில் இதைப் பற்றிப் பேசினபோது, "எங்க காட்டுல போர் போடப் போறாங்களா?" என்று ஒருவர் எழுந்தே விட்டார்.

கழுவிய வாயுவுக்கு என் பரிந்துரை 'தெள்வளி'. முறத்தில் அரிசியைத் தெள்ளிக் கல்லை ஒதுக்கும் வேலைதான் அந்தக் கோபுரத்திலும் நடக்கிறது.

*

தம்பி, தெள்ளுவது அருமை. ஆனால் 'தெள்வளி' என்றால் ஏற்காட்டு விடுதிக்காரர் "தெள்வளி வீசும் அறைகள்" என்று போர்டு வைத்துவிடுவார்! எரியும் பொருள் என்பது சொல்லிலேயே தெரிய வேண்டாமா? 'தெள்ளெரிவளி' என்று வைத்துப் பாருங்கள். பயோகேஸ் 'உயிரி எரிவளி' ஆகவே இருக்கட்டும்.

*

சரி அக்கா, 'எரி' இல்லாதது என் தவறுதான். தெள்ளெரிவளியை எடுத்துக்கொள்கிறேன். ஆய்வக அறிக்கையில் மட்டும் உயிரிமீத்தேன் இருக்கட்டும். அங்கே வேதிப்பெயர் வேண்டும். நேற்று அந்த மெக்கானிக்கிடம் சொல்லிப் பார்த்தேன். இரண்டு தடவை உச்சரித்துவிட்டு, "தெள்ளுன கேஸ்னு சொல்லுங்க சார், புரிஞ்சிடும்" என்றார்.