டாய்ஸ்-டு-லைஃப் பொம்மைகளுக்குக் கலைச்சொல்: ‘புகுபதுமை’யை முன்வைக்கிறேன்

நண்பர்களுக்கு வணக்கம்.

வீடியோ விளையாட்டோடு சேர்ந்து இயங்கும் சேகரிப்புப் பொம்மைகளுக்கு, அதாவது ஸ்கைலாண்டர்ஸ், டிஸ்னி இன்ஃபினிட்டி, அமீபோ, லெகோ டைமென்ஷன்ஸ் வகையினவற்றுக்கு, ஒரு பொதுப்பெயர் தேடும் இந்தப் பேச்சில் உயிர்ப்பொம்மை, ஊடாடு பொம்மை, சில்லுப்பொம்மை, கூடுபாய் பொம்மை என்று நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. ஐந்தாவதாக ‘புகுபதுமை’ என்பதைப் பரிசீலிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இந்தப் பொம்மை உண்மையில் என்ன செய்கிறது என்பதில் நாம் உடன்படாத வரை பெயரிலும் உடன்பட மாட்டோம் என்பதால், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பொம்மையை ஒரு படிக்கும் கருவியின் மேல் (அதை நான் பீடம் என்பேன்) வைத்தால் அதன் கதாபாத்திரம் விளையாட்டுத் திரையில் தோன்றும். பொம்மையின் அடிப்பகுதியில் ஒரு சிறு மின்னணுச் சில்லும் அதைச் சுற்றிக் கம்பிச்சுருளும் இருக்கின்றன. மின்கலம் கிடையாது. படிக்கும் கருவி 13.56 மெகாஹெர்ட்ஸ் அலைவெண்ணில் உண்டாக்கும் காந்தப்புலத்திலிருந்தே சில்லு தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறது. அமீபோவில் இருப்பது என்டேக் 215 என்ற வகைச் சில்லு. அதன் மொத்த நினைவகம் 540 பைட்டுகள். தரவு எழுதக் கிடைப்பது 504 பைட்டுகள். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட்டுகள் செலவாகும் என்பதால், தமிழில் எழுதினால் 168 குறியீடுகளோடு இடம் தீர்ந்துவிடும். இந்தப் பத்தியே அதில் அடங்காது. பாத்திரத்தின் உருவம், குரல், அசைவு எல்லாம் விளையாட்டின் வட்டிலோ விளையாட்டுக் கருவியிலோதான் இருக்கின்றன. பொம்மையிடம் இருப்பது இரண்டே: ‘நான் இன்னார்’ என்ற அடையாளம், ‘என் கதி இதுவரை இது’ என்ற சிறு குறிப்பு.

அந்தச் சிறு குறிப்புத்தான் இந்த வகையின் உயிர்நாடி என்பது என் கருத்து. 2011 அக்டோபரில் ஆக்டிவிஷன் நிறுவனம் வெளியிட்ட முதல் ஸ்கைலாண்டர்ஸ் விளையாட்டில், பாத்திரம் ஏறிய நிலை, சேர்த்த பொற்காசு, அணிந்த தொப்பி, அதற்கு வைத்த செல்லப்பெயர் எல்லாம் பொம்மையிலேயே பதிந்தன. ஒரு வீட்டில் ஒரு வகை விளையாட்டுக் கருவியில் வளர்த்த பொம்மையை நண்பர் வீட்டுக்கு எடுத்துப்போய் வேறொரு நிறுவனத்தின் கருவியில் வைத்தாலும் அது வளர்ந்த நிலையிலேயே எழுந்து நின்றது. சேமிப்புக் கோப்பு என்ற ஒன்றைக் குழந்தை ஒரு பொம்மையாகக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க முடிந்தது. இதைச் சொல்லாத பெயர் எவ்வளவு இனிமையாக ஒலித்தாலும் பாதிப் பெயர்.

இனி, வந்த சொற்கள். ஊடாடு பொம்மை என்பதை நான் உடனே விலக்குகிறேன். வயிற்றை அழுத்தினால் பேசும் பொம்மையும் ஊடாடுகிறது. அதற்கும் வீடியோ விளையாட்டுக்கும் தொடர்பே இல்லை. உயிர்ப்பொம்மை ஆங்கிலத்தில் உள்ள ‘டாய்ஸ்-டு-லைஃப்’ என்ற விற்பனைப் பெயரைப் பின்பற்றி வந்தது. பொம்மை தன் இடத்தில் அசையாமல்தான் நிற்கிறது, அதற்கு எந்த உயிரும் வருவதில்லை. கேட்பவர் மனத்தில் வரப்போவது தானே நடக்கும் இயந்திர நாய்க்குட்டிதான்.

சில்லுப்பொம்மை மேலே சொன்ன விளக்கத்துக்கு நெருக்கமானது, தொழில்நுட்பம் அறிந்தவர்களுக்குப் பிடிக்கும். ஆனால் சில்லு இல்லாமலும் இந்த வேலை நடந்திருக்கிறது. 2013-இல் ஆங்கிரி பேர்ட்ஸ் ஸ்டார் வார்ஸ் இரண்டாம் விளையாட்டோடு வந்த டெலிபாட்ஸ் பொம்மைகளைக் கைப்பேசியின் கேமரா படித்தது; வானொலி அலைக்கு அங்கே வேலை இல்லை. 2007-இல் மேட்டல் வெளியிட்ட யூ.பி. ஃபங்கீஸ் பொம்மைகளை, கணினியோடு யூஎஸ்பி வழியாக இணைத்த ஒரு பெரிய பொம்மையின் தலையில் செருகினார்கள். படிக்கும் வழி மாறிக்கொண்டே இருக்கும். இன்றைய வழியைப் பெயரில் பூட்டிவிட்டால் நாளை அந்தப் பெயரே பொய்யாகும்.

கூடுபாய் பொம்மையைப் பரிந்துரைத்தவருக்கு என் மனமார்ந்த பாராட்டு. கூடு விட்டுக் கூடு பாய்தல் என்ற கதைமரபு நம் மொழியில் அத்தனை ஆழமாக ஊறியிருக்கும்போது அதைத் தொடாமல் போவது இழப்புத்தான். அந்த மடலைப் படித்ததும் இதுவே முடிந்த முடிவு என்றுகூட நினைத்தேன். ஆனால் அந்தக் கதைகளின் விதி என்ன? பாய்ந்தவன் விட்ட உடல் வெற்றுடலாகக் கிடக்கும். அதை யாராவது எரித்துவிட்டால் அவன் திரும்ப முடியாது. ஸ்கைலாண்டர்ஸில் நடப்பதோ வேறு. பொம்மை பீடத்தில் நிற்கும் வரைதான் பாத்திரம் திரையில் இருக்கும். பொம்மையை எடுத்தால் பாத்திரமும் போய்விடும். அது ஒரே நேரத்தில் இரண்டு இடத்திலும் இருக்கிறது. ஒரு கூட்டை விட்டால்தான் மறு கூட்டுக்குப் போகலாம் என்ற கருத்து இங்கே பொருந்தவில்லை. தவிர, ‘கூடுபாய்’ என்பதைத் தனியே பார்க்கும் சிறுவர் பறவைக்கூட்டையும் படுக்கும் பாயையும் நினைக்க இடமுண்டு.

அதனால்தான் ‘புகு’ என்ற வினைக்கு வந்தேன். பொம்மை வெளியே நிற்கிறது, பாத்திரமாக உள்ளே புகுகிறது. எந்த வழியாகப் புகுந்தாலும், சில்லோ கேமராவோ செருகியோ, புகுதல் புகுதல்தான். திசை மாறினாலும் சொல் தாங்குகிறது. 2014-இல் வந்த ஸ்கைலாண்டர்ஸ் ட்ராப் டீமில் வில்லனைத் தோற்கடித்து ஒரு படிகத் துண்டுக்குள் சிறைப்பிடிக்க வேண்டும். அப்போது அவன் குரல் தொலைக்காட்சியிலிருந்து நழுவி, பீடத்திலுள்ள ஒலிபெருக்கியில் கேட்கத் தொடங்கும். திரையில் இருந்தவன் கையிலிருக்கும் பொருளுக்குள் புகுந்துவிட்டான்! இந்த வகையிலேயே மிக அழகான கற்பனை அதுதான் என்பேன்.

இலக்கணமும் துணை நிற்கிறது. புகுபதுமை வினைத்தொகை; முன்பு புகுந்த, இப்போது புகுகின்ற, இனிப் புகும் பதுமை என்று மூன்று காலமும் அதில் உண்டு. முன்னர் நடந்ததைத் தன்னுள் சுமந்துகொண்டு அடுத்த ஆட்டத்துக்கும் வருகிற பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான தொகை எனக்குத் தெரியவில்லை. வினைத்தொகை என்பதால் இடையில் ப் மிகாது. ‘புகுப்பதுமை’ என்று எழுதிவிட வேண்டாம். ‘புகுபதிகை’ என்ற சொல் கணினித் தமிழில் ஏற்கெனவே புழங்குவதால் குழப்பம் வருமோ என்று சிலர் தயங்கலாம். என் பார்வையில் அது ஒரு வசதி. புகுபதிகையில் நாம் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து நம் கணக்குக்குள் நுழைகிறோம். இங்கே பதுமை தன் அடையாளத்தைக் கொடுத்து நுழைகிறது. செயல் ஒன்றே.

பொம்மை என்று சொல்லாமல் பதுமை என்றது ஏன் என்று கேட்பீர்கள். பொம்மை என்றால் துணிப்பொம்மை முதல் கார் பொம்மை வரை எல்லாம் அடங்கும். இவை வார்ப்பில் செய்து, வண்ணம் பூசி, அடித்தட்டில் நிறுத்திய சிறு உருவங்கள். விளையாடாதவர்கூட அலமாரியில் அடுக்கி அழகு பார்க்கிறார். சிலை என்றால் பெரிதாகிவிடுகிறது. பதுமை அளவாலும் பொருளாலும் சரியாக நிற்கிறது. அதோடு, விக்கிரமாதித்தன் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்குப் பதுமை என்றதும் நினைவில் வருவது சிம்மாசனத்துப் படிகளில் நின்ற 32 பதுமைகள். போஜராஜன் ஏற வரும்போது வாய் திறந்து, தாம் அறிந்த பழைய வரலாற்றைச் சொன்னவை. நின்ற இடத்தில் நின்றபடியே நடந்ததை நினைவில் வைத்திருந்து சொல்லும் உருவம்!

பாவை என்ற சொல்லையும் எண்ணிப் பார்த்தேன். மரப்பாவை நாணால் உயிர்மருட்டி அற்று என்கிறது குறள். கயிற்றால் ஆட்டப்படும் பாவை உயிருள்ளதுபோல் மயக்குகிறது: அங்கே உடல் ஆடுகிறது, உள்ளே ஒன்றுமில்லை. நம் பொருளில் உடல் ஆடுவதே இல்லை, உள்ளே இருக்கும் பதிவு மட்டும் திரையில் போய் ஆடுகிறது. நேர் எதிர். பாவைக்கூத்து என்ற உயிருள்ள கலைப்பெயர் வேறு அதில் இருக்கிறது. அதைத் தொட வேண்டாம்.

இந்தச் சொல் எங்கே தடுமாறும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நின்டெண்டோ 2014 நவம்பரில் கொண்டுவந்த அமீபோ ஒரே விதமாக வேலை செய்வதில்லை. ஸ்மாஷ் பிரதர்ஸ் என்ற சண்டை விளையாட்டில் அது முழுமையாகப் புகுகிறது; நம்மோடு மோதிப் பழகி 50-ஆம் நிலை வரை வளரும் போராளியாகிறது, அந்தப் பழக்கம் பதுமையிலேயே எழுதப்படுகிறது. ஆனால் மரியோ கார்ட் 8 என்ற பந்தய விளையாட்டில் அதைத் தொட்டால் கிடைப்பது ஓர் உடை மட்டும். பதுமையில் எதுவும் எழுதப்படுவதில்லை, அடையாளம் படிக்கப்படுவதோடு சரி. இங்கே ‘புகு’ சற்று மிகைதான். ஆயினும் ஒரே பதுமை ஒரு விளையாட்டில் புகுந்து, மற்றொன்றில் வாசலில் நின்று பரிசு கொடுத்துவிட்டுப் போகிறது என்றால், பெயரை அதன் முழுத் திறனைக் கொண்டு வைப்பதே முறை.

இன்னொரு சிக்கல் லெகோ டைமென்ஷன்ஸ். 2015-இல் வந்த அதில் சில்லு இருப்பது வட்டமான அடித்தட்டில். மேலே நிற்பது சாதாரண லெகோ உருவம். உருவத்தைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டினாலும் விளையாட்டு அடித்தட்டைத்தான் நம்பும். அப்படியானால் எது புகுபதுமை? இரண்டும் சேர்ந்ததே என்று வரையறுக்கலாம். சில்லுள்ள பகுதிக்கு மட்டும் ‘அடித்தட்டு’ என்று தனியே ஒரு பதிவு போடலாம். ஸ்கைலாண்டர்ஸ் வரிசையின் ஸ்வாப் ஃபோர்ஸ் பதுமைகளில் மேற்பாதிக்கும் கீழ்ப்பாதிக்கும் தனித்தனிச் சில்லு உண்டு, காந்தத்தால் ஒட்டி மாற்றிக்கொள்ளலாம். அங்கே பாதிகளும் புகுகின்றன. அமீபோவாகவே வேலை செய்யும் அனிமல் கிராசிங் அட்டைகளைப் ‘புகு அட்டை’ என்றால் போதும்.

இந்த வகையே ஓய்ந்துவிட்டதே, பெயர் எதற்கு என்ற கேள்வியும் எழுந்தது. டிஸ்னி இன்ஃபினிட்டி 2016 மே மாதம் நிறுத்தப்பட்டது, லெகோ டைமென்ஷன்ஸ் 2017-இல் நின்றது, விண்கலப் பொம்மைகளை விளையாட்டுக் கைப்பிடியின் மேல் மாட்டி விளையாடிய ஸ்டார்லிங்க் என்ற விளையாட்டு 2018-இல் வந்து மறு ஆண்டே புதிய பொம்மைகளைக் கைவிட்டது. உண்மை. ஆனால் அமீபோ 2025-இல் வந்த ஸ்விட்ச் 2 விளையாட்டுக் கருவியிலும் வேலை செய்கிறது. சேகரிப்பாளர்கள் நின்றுபோனவற்றையும் தேடித்தேடி வாங்குகிறார்கள், அவற்றைப் பற்றி எழுதவும் பேசவும் செய்கிறார்கள். முடிந்துபோன தொழில்நுட்பத்தின் வரலாற்றையும் தமிழில் எழுதத்தானே போகிறோம்? அதற்குச் சொல் இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் ‘விளையாட்டோடு இணையும் சேகரிப்புப் பொம்மை’ என்று ஒரு வரியைச் செலவிட வேண்டியிருக்கும்.

படிக்கும் கருவிக்கு மேலே நான் பீடம் என்றே எழுதிவந்தேன். ஸ்கைலாண்டர்ஸில் அதற்கு ‘ஆற்றல் வாயில்’ என்ற பொருளில் பெயர். லெகோவில் அது மூன்று பகுதிகளாகப் பிரிந்து ஒரே நேரத்தில் ஏழு உருவங்கள் வரை தாங்கும் தட்டு. ‘வாயில்’ மின்னணுவியலில் வேறு பொருளில் ஏற்கெனவே வழங்குகிறது. உருவத்தை நிறுத்தும் இடத்துக்குத் தமிழில் பீடம்தான் இயல்பான சொல். வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: ‘புகுபதுமையைப் பீடத்திலிருந்து எடுத்தால் பாத்திரம் மறைந்துவிடும்.’ ‘இந்த விளையாட்டின் பெட்டியில் மூன்று புகுபதுமைகளும் ஒரு பீடமும் உள்ளன.’ எனக்கு இடறவில்லை.

பீடத்தில் வழிபாட்டு வாடை அடிக்கிறது என்று கருதுபவர்கள் ‘பதுமைத்தட்டு’ என்பதை எடுத்துக்கொள்ளலாம்; அதிலும் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அமீபோவுக்குப் பெரும்பாலும் தனிப் பீடம் கிடையாது, விளையாட்டுக் கைப்பிடியிலேயே படிப்பான் இருக்கிறது. அந்த இடத்துக்குப் பீடமும் பொருந்தாது, தட்டும் பொருந்தாது. ‘தொடுமிடம்’ என்று எழுதலாமா? கைப்பிடிகளின் உறுப்புகளுக்குத் தமிழ்ப்பெயர் தொகுத்துவருபவர்கள் இதற்கு என்ன வைத்திருக்கிறீர்கள் என்று தெரிவித்தால் இரண்டையும் ஒன்றாகவே பட்டியலில் சேர்த்துவிடலாம்.