பழைய கேம்பிங் ட்ரெய்லர்: புஷ் மட்டும் மாற்றினால் போதுமா, டார்ஷன் ஆக்ஸிலுக்கே போய்விடலாமா?

ஆஸ்டின்வாசி:
2012 மாடல் ட்ரெய்லர், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. இரண்டு ஆக்ஸில், ஒவ்வொன்றும் 3,500 பவுண்டு தாங்கும். லீஃப் ஸ்பிரிங் (கமான்பட்டை) முனை வளையத்தில் இருந்த நைலான் புஷ் (போல்ட்டைச் சுற்றியிருக்கும் உறை) தேய்ந்துபோய், போல்ட் இரும்போடு உரசுகிறது. ஷேக்கிள் (ஸ்பிரிங் முனையைப் பிடிக்கும் இணைப்புத் தகடு) துளைகளும் நீண்டுவிட்டன. ஸ்பிரிங்கில் விரிசல் இல்லை. பிக் பெண்ட் தேசியப் பூங்காவுக்குப் போவதற்குள் சரிசெய்ய வேண்டும். என்ன போடலாம்?

கமான்பட்டை:
வெண்கல புஷ், கிரீஸ் போல்ட், அரை அங்குல கனத்தில் ஷேக்கிள், இவ்வளவுதான் தம்பி. டெக்ஸ்டர் போன்ற ஆக்ஸில் கம்பெனிகள் இதை ஒரே கிட்டாகவே விற்கின்றன. போல்ட்டில் கிரீஸ் வெளிவரும் துளை பக்கவாட்டில், கடிகாரத்தில் 3 அல்லது 9 இருக்கும் இடத்தில், இருக்க வேண்டும். பாரம் அழுத்தும் பக்கம் வைத்தால் கிரீஸ் ஏறாது. ஜாக்கை ஆக்ஸில் குழாயில் கொடுக்காதீர்கள், சேஸியில் கொடுங்கள்.

மிச்சிகன் மணி:
அண்ணே, இது லாரிப் பட்டறை வைத்தியம். எத்தனை கிரீஸ் அடித்தாலும் இரும்பு இரும்பைத்தானே இடிக்கிறது? டார்ஷனில் குழாய்க்குள் இருக்கும் ரப்பரே அதிர்வை வாங்கிக்கொள்கிறது. ஷேக்கிள், ஈக்வலைசர் (இரண்டு ஆக்ஸிலின் ஸ்பிரிங்குகளை நடுவில் இணைக்கும் துண்டு), கிரீஸ் எதுவும் கிடையாது.

கமான்பட்டை:
ஈக்வலைசர் இல்லாததுதானே வம்பு! பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கினால் பட்டையில் பாரம் இரண்டு ஆக்ஸிலுக்கும் பிரியும். இரட்டை டார்ஷனில் அப்படிப் பிரியாது. ட்ரெய்லரைக் கிடைமட்டமாக இழுக்கவில்லை என்றால் ஒரே ஆக்ஸில் முக்கால் சுமையைத் தூக்கும். ரப்பர் கெட்டால் ஆக்ஸிலையே தூக்கிப் போட வேண்டியதுதான்.

மிச்சிகன் மணி:
முக்கால் எல்லாம் கொஞ்சம் ஓவர். ஹிட்ச் (இழுக்கும் வண்டியோடு இணைக்கும் கொக்கி) உயரத்தைச் சரியாக வைத்தால் முடிந்தது. சரி, பட்டைதான் வேண்டும் என்றால் மோர்ரைடு கம்பெனியுடையது மாதிரி ரப்பர் வைத்த ஈக்வலைசராவது போடட்டும்.

கமான்பட்டை:
அதற்கு நான் தடை சொல்லவில்லை. ஆனால் ஆக்ஸில் இடைவெளியை அளந்துவிட்டு வாங்கட்டும். 33 அங்குலத்துக்கு ஒன்று, 35க்கு வேறு ஒன்று.

ஏரிக்கரை:
நடுவில் ஒரு கேள்வி. 1,750 பவுண்டு தாங்கும் ஸ்பிரிங்குக்குப் பதில் இன்னும் கனமானதைப் போட்டால் சாமான் கூடுதலாக ஏற்றலாமா?

கமான்பட்டை:
கூடாது. ஆக்ஸில், பேரிங், டயர் எல்லாம் பழைய அளவுதானே. விறைப்பான ஸ்பிரிங் அடியை வாங்காது, நேராக மேலே அனுப்பும். அலமாரிக் கதவு கழன்று விழும். முதலில் தண்ணீர், சாமான் எல்லாம் ஏற்றி டிரக் ஸ்டாப்பில் இருக்கும் கேட் (CAT) ஸ்கேல் எடைமேடையில் எடை பாருங்கள்.

மிச்சிகன் மணி:
இதில் மட்டும் அண்ணன் சொல்வது சரி. ஸ்பிரிங்கைக் கழற்றினால், அதை ஆக்ஸிலோடு பிடிக்கும் யூ போல்ட்டையும் புதிதாகப் போடுங்கள், பழையதை மறுபடி முறுக்காதீர்கள்.

ஆஸ்டின்வாசி:
இன்று கழற்றிப் பார்த்தேன். சேஸியில் வெல்டு செய்த ஹேங்கரிலும் (ஸ்பிரிங்கைத் தாங்கும் பிராக்கெட்) இரண்டு துளைகள் நீண்டிருக்கின்றன.

மிச்சிகன் மணி:
எப்படியும் வெல்டரிடம் போகத்தான் வேண்டும். அப்படியே டார்ஷனுக்கு பிராக்கெட் வைத்துவிடலாமே?

கமான்பட்டை:
இரண்டு ஹேங்கரை மாற்றுவதும் மொத்த அடிப்பாகத்தை மாற்றுவதும் ஒரே கூலியா தம்பி? வெல்டரிடம் இரண்டுக்கும் விலை கேட்டு இங்கே போடச் சொல்லுங்கள், அப்புறம் பேசலாம்.