பிரெஞ்சுச் சிற்பி ஊதோன் செய்த சிலைகளை நேரில் பார்த்தவர்கள் உண்டா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பாரிசின் லூவர் அருங்காட்சியகத்தில் மோனாலிசா முன்னால் இருந்த நெரிசலை விட்டு, பிரெஞ்சுச் சிற்பங்கள் இருக்கும் ரிச்சலியூ பகுதிக்குப் போனேன். அங்கே சுடுமண்ணில் ஒரு சின்னப் பெண்ணின் மார்பளவுச் சிலை. பெயர் லூயிஸ் பிரோஞ்ஞார். 1777-இல் ஷான் அந்துவான் ஊதோன் செய்தது. யாரோ கூப்பிட்டதைக் கேட்ட முகம். கண்ணருகே குனிந்து பார்த்தேன். கருவிழியை ஆழமாகக் குடைந்து, ஒரு சிறு துணுக்கை மட்டும் விட்டுவைத்திருக்கிறார். குழியில் நிழல் தங்குகிறது, துணுக்கில் வெளிச்சம் படுகிறது. அதனால்தான் கண் ஈரமாகத் தெரிகிறது. அரை மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டேன். வேறு யாராவது பார்த்திருக்கிறீர்களா?

•

அந்தக் கண்ணை ஜார்ஜ் வாஷிங்டன் முகத்தில் பார்த்திருக்கிறேன் அண்ணா. வர்ஜீனியாவில், ரிச்மண்ட் சட்டமன்றக் கட்டடத்தின் நடுக்கூடத்தில், இரும்பு வேலிக்குள் நிற்கிறது. பளிங்கு, சரியாக ஆள் உயரம். வாளைக் கழற்றித் தொங்கவிட்டு, கையில் தடியோடு நிற்கிறார். பின்னால் ஓர் ஏர்!

இதற்காக ஊதோன் அட்லாண்டிக்கைக் கடந்து போனார். பாரிசில் பேசி முடித்தவர் அப்போது அங்கே அமெரிக்கத் தூதராக இருந்த ஜெஃபர்சன். வழியில் தனக்கு ஏதாவது ஆனால் குடும்பம் தவிக்கக்கூடாது என்று ஊதோன் முதலில் ஆயுள் காப்பீடு கேட்டிருக்கிறார். 1785 அக்டோபரில் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னன் வீட்டில் இரண்டு வாரம் போலத் தங்கி அளவெடுத்து, முகத்தில் சாந்து பூசி அச்சும் எடுத்தார். மூச்சுவிட மூக்கில் இறகுக் குழல். துணி போர்த்திப் படுத்திருந்தவரைப் பார்த்து, வீட்டில் வளர்ந்த ஆறு வயதுப் பேத்தி நெல்லி, தாத்தா இறந்துவிட்டார் என்று பயந்துபோனாளாம். அப்போது செய்த களிமண் சிலை இன்றும் மவுண்ட் வெர்னனில் இருக்கிறது. எனக்குப் பளிங்கைவிட அதுதான் பிடித்தது. எதிரே ஆள் இருக்கும்போது விரல் செய்த வேலை அல்லவா.

•

நான் பாரிசில இருக்கிறன். கொமெதி பிரான்சேஸ் அரங்குக்கு நாடகம் பார்க்கப் போனால் இடைவேளையில எல்லாரும் குடிக்கப் போவினம், நான் அங்க இருக்கிற எழுத்தாளர் வொல்தேரின்ர சிலையிட்ட போவன். கதிரையில இருக்கிற கிழவர், பல் விழுந்த வாய், கதிரைக் கையை இறுக்கிப் பிடிச்ச விரல்கள். கன காலத்துக்குப் பிறகு 1778-இல பாரிசுக்குத் திரும்பி வந்தவர், 83 வயசு. அப்பதான் சிலை செய்ய ஊதோனுக்கு முன்னால இருந்தவர். மே மாசம் செத்துப்போனார். ஜூலையில தத்துவஞானி ரூசோ செத்தவுடன அவர் செத்த ஊர் எர்மனோன்வீலுக்குப் போய் முக அச்சு எடுத்தவரும் இவர்தான். ஒரே வருசத்தில ரெண்டு பேர். இதை நினைச்சால் எனக்கு இப்பவும் மனம் கனக்கும்.

•

எங்கள் ஓவிய வகுப்பில் தோலுரித்த மனித உருவம் ஒன்று நின்றது, சுண்ணச் சாந்தில் வார்த்தது. முதலாண்டு முழுக்க அதைத்தான் வரைந்தோம். 1767-இல் ரோமில் படித்துக்கொண்டிருந்தபோது, பிணங்களைப் பார்த்துத் தசைகளைக் கற்று, இருபத்தாறு வயதில் ஊதோன் செய்ததன் படி அது என்று அன்று யாரும் சொல்லவில்லை. சென்ற வருடம்தான் தெரிந்தது. பழைய ஓவிய நோட்டை எடுத்துப் பார்த்தேன். தோள்பட்டையை மட்டும் பதினோரு தடவை வரைந்திருக்கிறேன். சாயங்காலம் படம் எடுத்துப் போடுகிறேன்.